நனைந்த புகைக்குழாய், காய்ந்த புகைக்குழாய்

காசிமேட்டில் கட்டியிருக்கும் இழுவலை விசைப்படகிலும், இந்தியப் பெருங்கடலைக் கடக்கிற வழியில் திருகோணமலையில் நங்கூரம் போடும் பாய்மரப் படகிலும் ஓடுவது டீசல் எஞ்சின்தான். சிலிண்டரை விட்டு வெளியே வரும் வரை புகையிலும் பெரிய வேறுபாடு இல்லை. பாரம் ஏறினால் 400 டிகிரி செல்சியசை எட்டும் சூடு, கரி, நீராவி, கொஞ்சம் கந்தகம். அதற்குப் பிறகு வழி பிரிகிறது. விசைப்படகில் புகை இரும்புக் குழாய்க்குள் சுடச்சுட மேலேறி, வீல்ஹவுசை ஒட்டி மேலே போய்விடுகிறது. பாய்மரப் படகில், எஞ்சினைக் குளிர வைத்துவிட்டு வரும் கடல்நீரையே ஒரு எல்போவில் புகையோடு கலந்து, சூட்டை ரப்பர் தாங்கும் அளவுக்கு இறக்கி, ஹோஸ் வழியாகப் பின்புறம் வெளியேற்றுகிறார்கள்.

சொந்தக் கையால் பழுது பார்ப்பது பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் ஒரே வேலையாக நினைத்துவிடுகிறோம். விசைப்படகின் காய்ந்த குழாய் தன் நோயை ஊருக்கே காட்டும். பாய்மரப் படகின் நனைந்த குழாய் கடைசி நாள் வரை மறைக்கும். ஒன்றில் கைவேலை அதிகம், மற்றதில் கழற்றிப் பார்க்கும் வேலை அதிகம். ஒன்றில் தேர்ந்த கை மற்றதில் எளிதில் ஏமாறும்.

நனைந்ததை முதலில் பார்க்கலாம். அதன் பலவீனம் முழுவதும் அந்த எல்போவில்தான். சூடான புகை, உப்புநீர், கந்தகம் மூன்றும் சேரும் இடம் அது. உள்ளே அமிலம் உருவாகிறது, வார்ப்பிரும்பை அரிக்கிறது. துருப்பிடிக்காத எஃகும் தப்புவதில்லை, வெல்டிங் ஓரங்களில் உப்பு குழி பறிக்கும். இன்னொரு பக்கம் கரியும் உப்பும் சேர்ந்து கட்டியாகி வழியை அடைக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே விரல் நுழையும் ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். எஞ்சின் முழு வேகம் எடுக்காது, கறுப்புப் புகை விடும், சூடேறும். படகுக்காரர் டீசல் ஃபில்டரை மாற்றுவார், புரொப்பெல்லரில் சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று முங்கிப் பார்ப்பார். எல்போவில் கை வைக்கத் தோன்றாது.

கழற்றுவதற்கு முன்பே ஒரு அறிகுறி கிடைக்கும். வெல்டிங் கோட்டிலோ கேஸ்கட் ஓரத்திலோ வெள்ளையாக உப்புப் பொருக்கு கட்டி, அதன் நடுவே பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தால் அந்த எல்போவின் ஆயுள் முடிந்தது. கழற்றிய பின் இன்னொரு சோதனை: நீர் போகும் உறையின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு வைக்க வேண்டும். தண்ணீர் நுழையாத வெடிப்பிலும் மண்ணெண்ணெய் நுழையும். காலையில் புகை போகும் பக்கத்தில் ஈரம் தெரிந்தால் உட்சுவர் ஓட்டை. அதை எப்பாக்சி வைத்து அடைக்க நினைப்பது ஆபத்து. சாதாரண எப்பாக்சி அந்தச் சூட்டில் இளகிவிடும். இளகினால் கடல்நீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். எப்பாக்சியும் சிலிக்கான் டேப்பும் நீர் கலந்த இடத்துக்குப் பின்னால் உள்ள குளிர்ந்த பகுதிக்கு உதவும், அதுவும் கரை சேரும் வரைக்கும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போவதற்கு ஓட்டை கூடத் தேவையில்லை. பழுது பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பும் அந்த நேரமே போதும். டீசல் குழாயில் காற்று இருந்தால் எஞ்சின் உடனே பிடிக்காது. ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்துகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் கடல்நீர் பம்பின் இம்பெல்லர் கடல்நீரை எல்போவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியே தள்ளப் புகை இல்லை. எல்போவுக்குப் பின்னால் ஹோஸ் வழியில் இருக்கும் நீர்ப்பெட்டி நிறைந்து, தண்ணீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் பிடிக்க மறுத்தால் கடல்நீர் வால்வை மூட வேண்டும், பிடித்த நொடியில் திறக்க வேண்டும். திறக்க மறந்தால் இம்பெல்லர் வறண்டு கிழியும், ஹோஸ் வேகும். ஆகவே ஸ்டார்ட் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டி வைக்கும் பழக்கத்தை மனதாரப் பரிந்துரைப்பேன். தண்ணீர் உள்ளே போய்விட்டால் அன்றே இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றி, ஆயில் மாற்றியாக வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் சிலிண்டர் சுவரில் துரு பிடித்துவிடும்.

எல்போ நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகில் எஞ்சின் நின்ற பிறகும் கடல் தானாகவே உள்ளே இழுக்கப்படும். அதைத் தடுக்க, நீர்மட்டத்துக்கு மேலே வளைத்த குழாயின் உச்சியில் காற்று நுழையும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். உப்பு பிடித்து அது ஒட்டிக்கொண்டால் காவல் போய்விட்டது. நல்ல தண்ணீரில் கழுவினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஹோஸின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப் போடுவதும் அப்படித்தான். ஹோஸ் கழன்றால் எஞ்சின் தன் பம்பாலேயே கடலைப் படகுக்குள் இறைக்கும்.

காய்ந்த குழாயில் இந்தக் கவலை எதுவும் இல்லை. எஞ்சினுக்குள் கடல் ஏற வழியே கிடையாது. ஓட்டை விழுந்தால் சத்தம் மாறும், மூட்டில் கறுப்புக் கறை படியும், எஞ்சின் அறையில் கண் எரியும். மயிரிழை ஓட்டையைக் கூடக் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, மூட்டுகளைச் சுற்றி ஊதுபத்தியைக் கொண்டுபோனால் கசியும் இடத்தில் பத்தியின் புகை தள்ளப்பட்டுச் சிதறும். பழுதுக்கும் பொருள் அருகிலேயே இருக்கிறது: எம்.எஸ். பைப், ஃபிளாஞ்ச் கடையும் லேத் பட்டறை, வெல்டர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதால் நேரமும் இருக்கிறது. நடுக்கடலில் உடைந்தால் தகரத்தைச் சுற்றி இரண்டு கிளாம்ப் இறுக்கிக் கரை வந்துவிடலாம். சொந்தக் கையால் செய்ய எது தோது என்று கேட்டால், தயங்காமல் காய்ந்த குழாய் என்றுதான் சொல்வேன்.

அந்த எளிமைதான் அங்கே தப்புக்கும் இடம் கொடுக்கிறது. வெடித்த இடத்தில் பட்டி வைத்து வெல்ட் அடிக்கிறார்கள். சில மாதத்தில் பக்கத்தில் வெடிக்கிறது. அங்கும் பட்டி. ஏன் வெடித்தது என்று யாரும் கேட்பதில்லை. 3 மீட்டர் நீள இரும்புக் குழாய் 30 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்குப் போனால் சுமார் 13 மில்லிமீட்டர் நீளும். கீழே எஞ்சினிலும் மேலே கூரையிலும் இறுகப் பிடித்துவிட்டால் அந்த 13 மில்லிமீட்டர் எங்கே போகும்? வெல்டையோ மேனிஃபோல்டின் ஸ்டட்டையோதான் உடைக்கும். டர்போ உள்ள எஞ்சினில் குழாயின் எடை முழுவதும் டர்போவின் வாயில் தொங்கினால் அது கீறிவிடும். நெளிவு மடிப்புள்ள பெல்லோஸ் ஒன்றை இடையில் போட்டு, குழாயின் எடையைத் தனியாக ஒரு தாங்கியில் ஏற்றினால் பாதிப் பட்டிகளுக்கு வேலையே இருக்காது. ஸ்டட் ஏற்கெனவே முறிந்திருந்தால், முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்ட் நிரப்பி, ஆறியதும் ஸ்பானரால் திருகினால் பெரும்பாலும் கழன்று வரும். வெல்டின் சூட்டில் துருப்பிடிப்பு விட்டுக்கொடுக்கும்.

கையில் கிடைத்த, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைப் போடுவதும் வழக்கம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும். மேனிஃபோல்டுக்கு அருகே அந்தப் பூச்சு நிற்காது. அதை வெல்ட் செய்யும்போது கிளம்பும் வெள்ளைப் புகையைச் சுவாசிப்பவருக்கு அன்று மாலையே குளிர்காய்ச்சல் வரலாம். பூச்சை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் வெல்ட் அடிக்கக் கூடாது. எஞ்சின் அறையின் மூலையில் குனிந்துகொண்டு அடிப்பது இன்னும் மோசம்.

நனைந்த குழாயைக் கவனிக்காவிட்டால் பெரும்பாலும் எஞ்சின் போகும். காய்ந்த குழாயைக் கவனிக்காவிட்டால் போவது ஆள். டீசல் தானே பற்றிக்கொள்ள 210 டிகிரிக்கு மேல் சூடு போதும். கப்பல்களில் 220 டிகிரியைத் தாண்டும் பரப்புகளை மூட வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை சொல்வது அதனால்தான். உறை கிழிந்த குழாய்க்கு நேர் மேலே டீசல் பைப் ஓடும் எஞ்சின் அறையில் ஒரு சொட்டு விழுந்தாலும் தீப்பிடிக்கலாம். இனி அந்த உறையையே எடுத்துக்கொள்வோம். பழைய படகுகளில் சுற்றியிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கயிறாக இருக்க வாய்ப்பு அதிகம். கசிவைத் தேட அதைக் கையால் பிய்த்துப் போட்டு, தூளைத் துடைப்பத்தால் கூட்டுகிறார்கள். அந்த இழை நுரையீரலில் தங்கி, நோயைப் பல பத்தாண்டுகள் கழித்துக் காட்டும். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே பிரிக்க வேண்டும். தூசை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். பிரித்ததைப் பையில் கட்ட வேண்டும். திரும்பச் சுற்றும்போது கண்ணாடி இழைக் கயிறு போதும்.

பல நாள் தொழிலுக்குப் போகும் படகில் ஆட்கள் படுப்பது எஞ்சின் அறைக்கு மேலேயோ பக்கத்திலேயோதான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதிப்படுத்திவிட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது. "கொஞ்சம் புகை வரத்தான் செய்யும்" என்று டிரைவர் சொல்லும் கசிவு, இரவெல்லாம் அதன் பக்கத்தில் தூங்கும் பையனின் மூச்சுக்குள் போகிறது. இதை எஞ்சின் கோளாறாக மட்டும் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாய்மரப் படகுகள் பலவற்றில் படுக்கைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறார்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி, பேட்டரியில் ஓடும். விசைப்படகுக்காரர்கள் முதலில் வாங்க வேண்டியது அதுதான். பாய்மரப் படகுக்காரர்கள் விசைப்படகிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு: நாலு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும் ஃபிளாஞ்ச் மூட்டு. மரையிட்டு இறுக்கிய எல்போ துருவேறினால் ரம்பம் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சுலபமாகக் கழற்ற முடிந்தால்தான் வருடா வருடம் கழற்றிப் பார்ப்பார்கள்.