தலைவரம்மாவும் மாவட்டச் செயலாளரும்

2019 டிசம்பர் கடைசியில் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் கையில் நான்கு நிறச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. வெள்ளை, ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு. இளஞ்சிவப்பு, ஊராட்சித் தலைவருக்கு. பச்சை, ஒன்றியக் கவுன்சிலருக்கு. மஞ்சள், மாவட்டக் கவுன்சிலருக்கு. முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ போன்ற பொதுச் சின்னங்கள்தாம். உதயசூரியனும் இரட்டை இலையும் பச்சையிலும் மஞ்சளிலும் மட்டுமே தலைகாட்டும்.

நான்கு சீட்டுகளிலும் பாதி இடம் பெண்களுக்கு. 2016இல் திருத்தப்பட்ட ஊராட்சிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் அதிகாரமும் செல்வாக்கும் ஊர்மக்கள் கண்ணுக்கு நேரே குவிந்திருக்கும் ஊராட்சித் தலைவர் பதவி கட்சிக் கணக்கில் வராத பதவி. ஐந்தாண்டு தலைவரம்மாவாக இருந்து தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று ஓடியாடியவர், பதவிக்காலம் முடிந்ததும் கட்சிக்குள் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேட்டால் பதில் வராது. தமிழகத்துப் பெண்களின் அரசியல் பங்கேற்பைப் பேசும்போது பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது.

வாக்குரிமையில் இந்த மண் பிந்தியதில்லை. இந்திய மாகாணங்களில் பெண்களுக்கு முதலில் வாக்குரிமை வழங்கியது சென்னைச் சட்டமன்றம்தான், ஆண்டு 1921. சொத்து உள்ளவர்க்கே என்ற வரம்போடு வந்த உரிமை என்றாலும் முதல் அடி அதுவே. 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாய் அன்றைய சென்னை மாகாணத்தின் தென்கன்னடப் பகுதியில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுச் சொற்ப வாக்குகளில் தோற்றார். அதையடுத்து நியமன உறுப்பினராகச் சபைக்குள் வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி 1937இல் சட்டமன்றத் துணைச் சபாநாயகர். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் பொதுச் சுகாதார அமைச்சர். எழும்பூரில் மார்ஷல் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியுமோ!

இவர்கள் படிப்பும் குடும்பப் பின்புலமும் உள்ளவர்கள். சாதாரணப் பெண்கள் கட்சி அரசியலுக்கு வந்த வழி வேறு. கடலூர் அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலன் சிலையை அகற்றும் போராட்டத்தில் கைதானவர். பலமுறை சிறை கண்டு, 1937இலும் 1946இலும் சட்டமன்றம் சென்றார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சி உறையூரிலிருந்து சென்னைவரை நடந்தவர். அந்த நவம்பர் 13இல் சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தைத் தீர்மானம் போட்டு வழங்கியது அந்த மாநாடே. மறுநாளே டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம் உள்ளிட்ட பெண்கள் மறியல் செய்து கைதானார்கள். கைக்குழந்தையோடு சிறை புகுந்தவர்களும் உண்டு. அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73 பேர்.

கட்சிக்காகத் தெருவில் இறங்கி, அடி வாங்கி, சிறைக்குப் போய்த்தான் பெண்கள் உள்ளே வந்தார்கள் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. வந்தபின் என்ன கிடைத்தது என்பதே கேள்வி.

1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் சத்தியவாணிமுத்து. அவரிடம் தரப்பட்ட முக்கியத் துறை அரிசன நலம். 2021 மே மாதம் பதவியேற்ற 34 பேர் கொண்ட அமைச்சரவையில் பெண்கள் இருவர்: கீதா ஜீவனுக்குச் சமூகநலம், கயல்விழி செல்வராஜுக்கு ஆதிதிராவிடர் நலம். இடையில் 54 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. நலத்துறைகள் சிறியவை என்று யாரும் சொல்லவில்லை. நிதியும் பொதுப்பணியும் உள்துறையும் ஏன் பெரும்பாலும் ஆண்களின் பெயருக்கே எழுதப்படுகின்றன என்று கேட்கலாம் அல்லவா? சத்தியவாணிமுத்துவே தன் கட்சியைக் கேள்வி கேட்டவர்தாம். தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று குற்றம்சாட்டி 1974இல் பதவியை உதறினார். தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக்கட்சியே கண்டார். அது பின்னர் அ.தி.மு.க.வில் கரைந்தது. 1979இல் சரண்சிங் ஆட்சியில் மத்திய அமைச்சரானார். திராவிடக் கட்சிகளிலிருந்து மத்திய அமைச்சரவைக்குப் போன முதல் இருவரில் அவர் ஒருவர்.

ஜெயலலிதா இருந்தாரே என்று உடனே குரல் எழும். இருந்தார், 1983இல் கொள்கை பரப்புச் செயலாளராகி, 1989இல் எதிர்க்கட்சித் தலைவரான அவர், ஏறத்தாழ 27 ஆண்டுகள் பொதுச்செயலாளராக ஒரு பெரிய கட்சியைத் தன் கண்ணசைவில் வைத்திருந்தார். 1991 தேர்தலில் அவருடைய வெற்றியோடு முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சட்டமன்றத்துக்குள் வந்தார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையமும் தொட்டில் குழந்தைத் திட்டமும் அவர் ஆட்சியில் பிறந்தவை. ஆனாலும் அவர் கட்சியின் மாவட்டச் செயலாளர் பட்டியல் கடைசிவரை பெரும்பாலும் ஆண்களின் பட்டியலாகவே இருந்தது. மேடையின் உச்சியில் ஒரு பெண், கீழே வரிசையாக ஆண்கள் என்ற அந்தக் காட்சியைப் பெண் அதிகாரம் என்று கொண்டாடியதில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது.

மாவட்டச் செயலாளர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏதோ அலுவலகப் பதவிபோலத் தோன்றலாம். தமிழகத்துக் கட்சிகளில் அவர்தான் அந்த மாவட்டத்தின் கட்சி. கிளை, ஒன்றியம், பேரூர், நகரம் என்று கீழுள்ள நிர்வாகிகளை அறிவார். தேர்தல் செலவைப் பார்ப்பார். யாருக்கு சீட்டு என்று தலைமை கேட்கும்போது அவர் சொல்லும் பெயருக்கு எடை அதிகம். திராவிடக் கட்சிகளில் துணைச் செயலாளர் பதவியில் ஒன்றைப் பெண்ணுக்கு வைப்பது வழக்கம். மகளிரணி எல்லாக் கட்சியிலும் உண்டு. மாநாட்டுக்குக் கூட்டம் திரட்டுவது, வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுப்பது, வாக்காளரைச் சாவடிக்கு அழைத்து வருவது எல்லாம் அவர்கள் தலையில். வேட்பாளர் நேர்காணல் அறைக்குள் அணிக்கு எவ்வளவு குரல் என்று கேட்டால் அணியினரே சிரித்துக்கொள்வார்கள்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. தூத்துக்குடி வடக்கு மாவட்ட தி.மு.க. செயலாளர் பொறுப்பை கீதா ஜீவன் ஏற்றார். அந்த மாவட்டக் கட்சியை நெடுங்காலம் நடத்தியவர் அவருடைய தந்தை என். பெரியசாமி. குடும்பவழி என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது, ஆண்களில் பலரும் அந்த வழியாக வந்தவர்களே. ஆனால் தந்தையோ கணவரோ கட்சியில் இல்லாத பெண் அந்த நாற்காலிக்கு எந்த வழியாக வருவார் என்பதற்கு எந்தக் கட்சியிடமும் தெளிவான விடை இல்லை.

இந்த இடத்தில் மொடக்குறிச்சியை நினைக்காமல் இருக்க முடியாது. ஈரோடு பக்கத்துத் தொகுதியான அதில் 1996 தேர்தலில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட வேட்புமனுக்களைக் குவித்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. அத்தனை பேரைத் தாண்டி வென்றவர் ஒரு பெண்: தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 1977இல் அமைந்த எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் கைத்தறித் துறையைப் பார்த்தவர், பின்னர் தி.மு.க.வுக்கு வந்து, 2004இல் மத்திய இணையமைச்சராகி, கட்சியின் துணைப் பொதுச்செயலாளராகவும் உயர்ந்தவர். அதே மொடக்குறிச்சியில் 2021இல் அவர் 281 வாக்குகளில் தோற்றார். வென்ற பா.ஜ.க. வேட்பாளர் சி. சரஸ்வதியும் பெண்ணே. இரண்டு பெரிய கூட்டணிகளும் ஒரே தொகுதியில் பெண்களை நிறுத்தினால் தொகுதிக்கு ஒன்றும் ஆகிவிடாது, போட்டி கடைசிச் சுற்றுவரை மூச்சைப் பிடித்து நிற்கும் என்பதற்கு அந்த 281 போதும்.

அந்த 2021 தேர்தலின் மற்ற எண்கள் இவ்வளவு இனிப்பானவை அல்ல. வாக்காளர் பட்டியலில் பெண்கள் 3 கோடியே 19 லட்சம், ஆண்கள் 3 கோடியே 9 லட்சம். களத்தில் நின்ற 3,998 பேரில் பெண்கள் 411. இதில் 117 பேர் நாம் தமிழர் கட்சியினர். சரிபாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்த அந்தக் கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. வெல்லும் வாய்ப்பிருந்த தி.மு.க.வின் 173 வேட்பாளர்களில் பெண்கள் 12 பேர். அவர்களில் 6 பேர் வென்றார்கள். அ.தி.மு.க.வில் 3, பா.ஜ.க.வில் 2, காங்கிரசில் 1 என்று சேர்த்து 234 பேர் சபையில் பெண்கள் 12 பேர். நூற்றுக்கு ஐந்து!

சட்டம் கட்டாயப்படுத்திய இடத்தில் நிலைமை தலைகீழ். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. 21 மாநகராட்சிகளில் 11 மேயர்கள் பெண்கள். 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கு 28 வயது ஆர். பிரியா மேயரானார். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண். பட்டியல் சாதியிலிருந்து வந்த முதல் பெண். அரைநூற்றாண்டாகச் சென்னையில் தகுதியுள்ள பெண் கிடைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சட்டம் நாற்காலியைக் கொடுக்கும்; அதில் உட்கார விடுவது ஊரின் வேலை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண்ணான தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட புகைப்படம் வெளிவந்து நாடே பார்த்தது. வழக்கும் பதிவானது. அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து ஏற்றவைத்தார்.

இவை வெளியே வந்தவை. வெளியே வராதது காசோலைச் சண்டை. ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது தமிழக விதி. துணைத்தலைவர் கையெழுத்தை நிறுத்திவைத்தால் துப்புரவுப் பணியாளர் சம்பளம்வரை நின்றுபோகும். இடஒதுக்கீட்டால் தலைவர் பதவியை இழந்த உள்ளூர்ப் பெரிய கைகள் துணைத்தலைவர் பதவியைக் குறிவைப்பதன் ரகசியம் அந்த ஒரு கையெழுத்தில் இருக்கிறது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பதைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள், கையெழுத்தை வைத்து நடக்கும் இந்த முடக்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

இன்னொரு கஷ்டம், தேர்தலே நடக்காமல் போவது. 2016 பிப்ரவரியில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு சட்டமானது. அந்த அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தனி அலுவலர்கள் ஊராட்சிகளை ஆண்டார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் அந்தச் சட்டம் ஏட்டிலேயே கிடந்தது. 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது திரும்பவும் தனி அலுவலர்களே வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஆயிரக்கணக்கான பெண்கள் பொதுவாழ்விலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

சட்டமன்றத்திலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் 106ஆவது அரசியல் சட்டத்திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று அதிலேயே எழுதப்பட்டது. அதை வரவேற்று மேடையில் பேசாத தமிழகக் கட்சி அரிது. அந்தக் கட்சிகள் டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றிய, நகர, மாவட்டச் செயலாளர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று தங்கள் சட்டதிட்டத்தில் எழுதிக்கொள்ள எந்த மசோதாவும் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும்.