ஹூக்ளிக் கரையில் ஒரு சோழமண்டல வீடு

சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் கல்கத்தா போகும் நம்மவர்கள் முன்பெல்லாம் ஹவுரா ஸ்டேஷனில் இறங்குவார்கள். 2022 முதல் அந்த வண்டி, ஹவுரா நகருக்குள்ளேயே சற்றுத் தெற்கில் இருக்கும் ஷாலிமாருடன் நின்றுவிடுகிறது. பழைய ஸ்டேஷனும் பாலமும் கண்ணில் படாமல் ஊருக்குள் போவது என்னமோபோல் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ இந்த மாற்றம் மிகவும் பொருத்தம் என்று படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கர்னல் ராபர்ட் கிட் என்ற கும்பினி ராணுவ அதிகாரி வீடும் தோட்டமும் வைத்திருந்த இடம் ஷாலிமார். அவர் தொடங்கிய பெரிய தோட்டம் பக்கத்திலேயே ஷிப்பூரில் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்குள், ஹூக்ளி நதியைப் பார்த்தாற்போல் ஒரு மூன்று மாடி வீடும் இருக்கிறது. அதில் குடியிருந்தவர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'சோழமண்டலக் கரையின் செடிகள்'. கோரமண்டல் வண்டி அந்த வீட்டுக்கு அருகில் போய் நிற்பதில் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்கிறது!

காசி, கயா யாத்திரை முடித்துக் கல்கத்தா வழியாகத் திரும்புகிறவர்கள் காளிகட்டம், தக்ஷிணேஸ்வரம், பேலூர் மடம் பார்த்தபின் அரை நாள் மிச்சமிருந்தால் 'பொடானிகல் கார்டன்' போவது வழக்கம். பெரிய ஆலமரத்தைப் பார்த்து, அதன் முன் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆற்றங்கரை வரை நடப்பவர்கள் குறைவு. சென்ற குளிர்காலத்தில் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது பேரனை அழைத்துக்கொண்டு நிதானமாக ஒரு நாள் முழுவதும் அங்கே இருந்தேன். அதன் பலனாகவே இக்கட்டுரை.

இந்தத் தோட்டம் அழகுக்காக ஏற்பட்டதல்ல. 1770ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஒரு கோடி பேர் வரை மாண்டதாகக் கணக்கிடுவார்கள். அதை மறக்காத கிட், 1786ல் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பு வகித்த மக்பெர்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜவ்வரிசி தரும் சேகோப் பனை முதலானவற்றை வெளிநாடுகளிலிருந்து தருவித்து வளர்த்தால், மழை பொய்க்கும் காலத்தில் ஜனங்கள் பட்டினி கிடக்க வேண்டாம் என்பது அவர் யோசனை. அரிய செடிகளை வேடிக்கைக்காகச் சேர்ப்பது தம் நோக்கமல்ல என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார். லண்டனில் இருந்த டைரக்டர்கள் சம்மதித்தார்கள். ஆனால் அவர்களைச் சம்மதிக்க வைத்தது பஞ்சத்தின் நினைவு மட்டும்தானா என்பது வேறு விஷயம். கப்பல் கட்டத் தேக்கு, டச்சுக்காரர்கள் கையில் இருந்த கிராம்பு, ஜாதிக்காய் வியாபாரம், இவையும் சேர்ந்தே பேசப்பட்டன. 1787ல் 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தோட்டம் தொடங்கியது.

வங்காளத்து மண் யாருடைய யோசனைக்கும் பணியவில்லை. கிராம்பும் ஜாதிக்காயும் பிழைக்கவில்லை. தேக்கு வளர்ந்தது, ஆனால் கப்பலுக்கு உதவும்படி வளரவில்லை. கடைசியில் தேக்கு நின்ற நிலத்தை 1820ல் பிஷப் காலேஜ் கட்டக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் அதே இடத்துக்கு என்ஜினீயரிங் காலேஜ் வந்தது. ஷிப்பூர் பி.இ. காலேஜ் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம்தான் அது.

கிட் 1793ல் காலமானார். தாம் வளர்த்த தோட்டத்திலேயே, ஒரு வெண்ணெய்ப்பழ மரத்தின் அருகில் எந்தச் சடங்கும் இல்லாமல் தம்மைப் புதைக்கவேண்டும் என்று கேட்டிருந்தாராம். புதைத்தது என்னவோ சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில். தோட்டத்தில் அவர் நினைவாக ஒரு சலவைக்கல் கலசம் இருக்கிறது.

அவருக்கு அடுத்து வந்தவர்தான் நம் கதாநாயகர், டாக்டர் வில்லியம் ராக்ஸ்பரோ. ஸ்காட்லாந்துக்காரர். 1776ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உதவி சர்ஜனாக வேலைக்குச் சேர்ந்தார். வைத்தியத்தைவிடச் செடிகளிலும் மழை, வெயில் கணக்கிலும்தான் அவருக்கு ஈடுபாடு அதிகம். வெப்பமானியையும் பாரமானியையும் பார்த்துத் தவறாமல் குறித்து வைப்பார். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் வைத்தியராக 1768ல் வந்திறங்கிய கோனிக். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸிடம் நேரே பாடம் கேட்டவர். செடிகளுக்கு இரட்டைப் பெயர் இட்டு வகைப்படுத்தும் முறை நம் நாட்டில் வேரூன்றிய இடங்களில் தரங்கம்பாடி முக்கியமானது. மாயவரம் பக்கத்து அங்கத்தினர்கள் பெருமைப்படலாம்! 1785ல் காக்கிநாடா அருகே கோனிக் இறந்தபோது கடைசி நாட்களில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் ராக்ஸ்பரோ.

அப்போது ராக்ஸ்பரோ இருந்தது சென்னை ராஜதானியின் வடகோடியில், சாமல்கோட்டையில். அங்கே மிளகு, கரும்பு, அவுரி என்று பயிர் செய்து பார்த்தார். 1787ல் அடித்த புயலில் கடல் நீர் உள்ளே புகுந்து, அதுவரை சேர்த்த உலர்செடிகளும் காகிதங்களும் போயின. மனிதர் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். உள்ளூர்ச் சித்திரக்காரர்களை வைத்து ஒவ்வொரு செடியையும், இலை, பூ, காய், விதை என்று பிரித்துப் பிரித்து வரைய வைத்தார். 1794க்குள் 500 சித்திரங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. அவற்றில் 300ஐத் தேர்ந்தெடுத்து அச்சிட்டதுதான் மேலே சொன்ன புத்தகம். 1795ல் தொடங்கி 1820ல் மூன்றாம் பாகத்தோடு முடிந்தது. அவர் சாமல்கோட்டையில் இருந்த ஆண்டுகளில்தான் ஆந்திரக் கரையில் கொடிய பஞ்சம் வந்தது. வாய்க்கால் ஓரங்களிலும் கிராமத்துப் பொது நிலங்களிலும் தென்னை, பனை, பலா, வாழை வைக்க வேண்டும் என்று அவரும் கிட்டைப்போலவே கும்பினிக்கு எழுதினார்.

இத்தனை அனுபவத்தோடு 1793 கடைசியில் ஷிப்பூர் வந்தார். தோட்டத்துக்கென்றே சம்பளம் பெற்ற முதல் சூப்பரிண்டெண்டெண்ட் இவர்தான். சில வருஷங்களுக்குள் இந்த ஆற்றங்கரை வீடு எழுந்தது. இடத்தைப் பார்த்தாலே காரணம் புரிகிறது. கல்கத்தாவுக்கு வரும் கப்பல்கள் எல்லாம் இந்த வீட்டைக் கடந்துதான் போயாக வேண்டும். மலாக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வரும் செடிகளை ஆற்றிலேயே இறக்கிக்கொள்ளலாம். 1795ல் மஹாகனி மரம் அப்படித்தான் முதலில் இங்கே வந்தது. எதிர்க்கரை மெட்டியாபுருஜ். 1856ல் ராஜ்யம் இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா பிறகு வந்து தங்கியது அங்கேதான்.

ஹவுராவின் தலையெழுத்தே இந்த வீட்டில் எழுதப்பட்டது என்றால் மிகையில்லை. 1795ல் ராக்ஸ்பரோ ஒரு கட்டு நாரை லண்டனுக்கு அனுப்பினார். இந்த ஊர்க்காரர்கள் இதை 'ஜூட்' என்கிறார்கள் என்று எழுதி அனுப்பியதாகச் சொல்வார்கள். நம் சணல்தான். அறுபது வருஷம் கழித்து, 1855ல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. பிறகு ஹூக்ளியின் இரு கரைகளிலும் ஆலைப் புகைபோக்கிகள் முளைத்தன. ஹவுராவில் பல தலைமுறைக் குடும்பங்கள் உண்டதும் பட்டினி கிடந்ததும் அந்த ஆலைச் சங்கின் தயவில்தான்.

எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. நம் வீட்டுப் பையனுக்குப் பூணூல் போடும்போது பிரும்மசாரி கையில் பலாச தண்டம் கொடுக்கிறோம். சமித்தும் பலாசமே உத்தமம். தமிழில் புரசு. அதன் சாஸ்திரப் பெயரின் முதல் பாதி 'ப்யூட்டியா'. 1762ல் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த ப்யூட் பிரபுவின் பெயர் அது! கோனிக் நினைத்து வைத்ததை ராக்ஸ்பரோ தம் புத்தகத்தில் அச்சேற்றினார். அசோகத்துக்கும் இதே கதை நேர இருந்தது. (சீதாப்பிராட்டி அமர்ந்த அசோகத்தைச் சொல்கிறேன். நம் பிளாட் வாசல்களில் கம்பம்போல் நிற்கும் நெட்டிலிங்கம் அல்ல.) ஸம்ஸ்க்ருத பண்டிதர் ஸர் வில்லியம் ஜோன்ஸ் நினைவாக 'ஜோனீஸியா அசோகா' என்று ராக்ஸ்பரோ பெயரிட்டார். பிற்காலத்தில் வேறு விதிப்படி 'ஜோனீஸியா' போய் 'ஸராகா' வந்தது. அசோகம் மட்டும் நின்றது. அதற்காகவாவது அவரை வாழ்த்தத் தோன்றுகிறது. சால மரத்துக்குக் கவர்னர் ஜெனரல் ஜான் ஷோர் பெயர். தரங்கம்பாடியில் இருந்தபடி செடிகள் சேர்த்து, பின்னாளில் தமிழ் அகராதியும் தொகுத்த ராட்லர் பாதிரியார் பெயரில் ஒரு மரம், நாம் கபிலம் என்பது.

பிரபுவும் பாதிரியாரும் பண்டிதரும் இப்படிச் செடிகளில் இடம் பெற்றார்கள். ஆனால் புரசு எந்த நோய்க்கு ஆகும், எந்தக் காட்டில் கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்த வைத்தியரோ, அதன் பூவைத் தீயின் நிறம் மாறாமல் வரைந்த சித்திரக்காரரோ எந்தச் செடியிலும் இல்லை. கல்கத்தாவிலும் சித்திர வேலை நடந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். மூலப்படங்கள் இன்றும் இந்தத் தோட்டத்து உலர்செடிக் காப்பகத்தைச் சேர்ந்த சொத்து; பிரதிகள் லண்டன் கியூ தோட்டத்தில். ராக்ஸ்பரோ உள்ளூர்ப் பெயர்களைச் சிரத்தையாகக் கேட்டு எழுதியவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் புத்தகங்களில் ஸம்ஸ்க்ருதமும் தெலுங்கும் வங்காளமும் நிறைய இருக்கின்றன. மொழிகளைக் கேட்டு எழுதியவர் சொன்னவர்களையும் எழுதியிருக்கலாம்.

1813ல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பி, 1815ல் எடின்பரோவில் காலமானார். தம் பெரிய நூலான 'ஃப்ளோரா இண்டிகா'வை அவர் அச்சில் பார்க்கவில்லை. ஸ்ரீராம்பூர் வில்லியம் கேரி தம் அச்சகத்தில் வெளியிட்டார். தோட்டத்தில் ராக்ஸ்பரோ நினைவுச் சின்னத்தில் உள்ள லத்தீன் வாசகம் பிஷப் ஹீபர் எழுதியது. 1826ல் திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது நீரில் மூழ்கி இறந்தாரே, திருச்சி ஹீபர் காலேஜ் இவர் பெயரில்தானே, அவரேதான்.

அதன்பின் வந்தவர்களில் வாலிக் ஒரு டேனிஷ்காரர். ஸ்ரீராம்பூரும் தரங்கம்பாடியைப்போல் டேனிஷ் வசம் இருந்தது. இரண்டையும் 1845ல் ஒன்றாக விற்றார்கள். வாலிக் காலத்தில்தான், 1835 வாக்கில், சீனத்து விதையிலிருந்து ஆயிரக்கணக்கான தேயிலை நாற்றுகள் இங்கே எழும்பின. அஸ்ஸாமுக்கும் குமாவுனுக்கும் போனது போக, இரண்டாயிரம் தெற்கே வந்தன. சில நீலகிரி கேத்தியை எட்டின. வாலிக் லீவில் போயிருந்த 1842 முதல் 1844 வரை பொறுப்பேற்ற கிரிஃபித், எல்லாம் சாஸ்திர முறைப்படி இருக்கவேண்டும் என்று பழைய மரங்களை வெட்டித் தள்ளினார். வாலிக் திரும்பி வந்து பார்த்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மிச்சமிருந்ததை 1864, 1867 புயல்கள் பார்த்துக்கொண்டன. இன்று நாம் காணும் ஏரிகளும் சாலைகளும் 1871ல் வந்த ஜார்ஜ் கிங் அமைத்தவை.

ஆலமரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 250 வயதுக்கு மேல். மூவாயிரத்துக்கும் அதிகமான விழுதுகள். நடுமரம் பூஞ்சை பிடித்து அழுகியதால் 1925லேயே அகற்றிவிட்டார்கள். "தாத்தா, இதுல எது மரம்?" என்று பேரன் கேட்டான். "எல்லாம்தான்டா" என்றேன். அவனுக்கு அது திருப்தியாக இல்லை. 2020 மே மாதம் ஆம்பன் புயலில் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. ஆலமரமும் சில விழுதுகளை இழந்தது.

ராக்ஸ்பரோ வீடு பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஈரக்காற்றும் அரசங்கன்றும் சேர்ந்தால் சுண்ணாம்புச் சுவர் எத்தனை நாள் தாங்கும்? தோட்டம் 1950ல் 'ராயல்' பட்டத்தை விட்டு இந்தியத் தோட்டமாயிற்று. 2009ல் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் பெயரைப் பெற்றது. வீட்டுக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. நாங்கள் வெளியில் படித்துறைப் பக்கம் நின்றபடி பார்த்தோம். ஆற்றில் வைக்கோல் ஏற்றிய ஒரு படகு போயிற்று.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. டிசம்பர், ஜனவரி உத்தமம். தோட்டம் 270 ஏக்கருக்கு மேல் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் பாட்டரி வண்டி ஓடுகிறதா என்று வாசலிலேயே விசாரித்துக்கொள்ளவும். ஆலமரத்தோடு திரும்பிவிடாமல் ஆற்றுப் பக்கம் கேட்டுக் கேட்டுப் போகவும். 'ராக்ஸ்பரோ ஹவுஸ்' என்றால் தோட்டக்காரர்கள் கையைக் காட்டுவார்கள். பலாசம் பூத்திருக்க வேண்டுமானால் பிப்ரவரி கடைசி வரை பொறுக்கவேண்டும்.