கைகாட்டியும் கைமரமும்

சாமராஜநகரில் பஸ் ஏறினால் புளிஞ்சூர் தாண்டிக் காராப்பள்ளத்தில் தமிழக எல்லை வந்துவிடும். சென்ற முறை ஊருக்குப் போகையில் என் பேரன் வழியில் கண்ட பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். கன்னடப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எல்லை தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. "தாத்தா, இந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?" என்றான். "ஆசனூர்னு போட்டிருக்குடா கண்ணு" என்றேன். மனசு என்னவோ செய்தது. இக்கட்டுரைக்கு அதுவே வித்து.

வழி சொல்லும் கம்பத்துக்குத் தமிழில் கைகாட்டி என்று பெயர். சாலைகள் கூடுமிடத்தில் கம்பம் நட்டு, ஊர்ப்பெயர் எழுதிய பலகையை நீட்டிய கை போலப் பொருத்துவார்கள். அதனால் வந்த பெயர். ரயில் பாதையில் ஏறி இறங்கிய பழைய சிக்னலையும் நம் பெரியவர்கள் 'கைகாட்டி மரம்' என்றே சொன்னார்கள்.

கன்னடத்தில் இதையே 'கைமர' என்பர். 'கைகம்ப' என்பதும் உண்டு. 'மர' நம் மரம்தான், 'கம்ப' நம் கம்பம்தான். சிக்கமகளூர்ப் பக்கம் கைமர, மங்களூர்ப் பக்கம் கைகம்ப, நீலகிரியிலும் கேரளத்து நெல்லியாம்பதியிலும் கைகாட்டி என இவை இடப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

பெயர் புதிதானாலும் வழிகாட்டும் மரபு நமக்குப் பழையது. ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகளே. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வரும் ஏழைக் கலைஞனுக்கு வள்ளலின் ஊருக்குப் போகும் வழியைச் சொல்வதே இவற்றுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு.

இதற்குக் கல்லிலும் சான்று உண்டு. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் காதக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என அறிவிக்கிறது. எழுத்தோடு நில்லாமல், பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. எழுத்தறியாத வழிப்போக்கனும் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம் என்பர் ஆய்வாளர். படிக்கத் தெரியாதவனையும் நினைத்துக் கல் நட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

இந்த வட்டாரத்தில் இரு மொழிகளும் என்றும் அக்கம்பக்கமே. இன்று சாமராஜநகர் மாவட்டத்திலுள்ள கொள்ளேகால், 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நான் வேலைக்கு வந்த புதிதில் கன்னடம் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, இருட்டில் எங்கோ இறங்கி நின்றவன். டீக்கடைக்காரர் ஒருவர்தான் ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார். பிறகு தினம் நாலு எழுத்தாகக் கன்னடம் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அந்தக் கடன் எனக்கு இன்னும் உண்டு.

நாம் கன்னடம் கற்றது சரியே. சோறு போடும் மண்ணின் மொழி அது. ஆனால் நம் பிள்ளைகள் தாத்தா ஊரின் கைகாட்டியைப் படிக்க முடியாமல் நிற்பது நம் குறைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்தைத் திறந்துவையுங்கள். அ, ஆ சொல்லித்தர நான் வருகிறேன். முதல் மாணவனையும் கையோடு கூட்டிவருகிறேன்.