செவிலியர் கைக்கு ஸ்டெதாஸ்கோப் வந்த கதை

நோயாளியைப் பரிசோதிப்பது என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவர் டாக்டர்தான். ஆனால் இன்று நர்சிங் படிப்பவர்களும் நோயாளியைத் தலை முதல் கால் வரை பரிசோதிக்கக் கற்கிறார்கள். பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் ஆகிய நான்கு முறைகளும் அவர்களுக்குப் பாடம். இந்த உரிமை அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை.

தட்டிப் பார்க்கும் முறையைத் தந்தவர் ஆஸ்திரியாவின் லியோபோல்டு அவுன்பிரக்கர். விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி ஒயினின் அளவை அறிவது போல நோயாளியின் நெஞ்சையும் தட்டிப் பார்த்தார் என்பார்கள். 1761இல் அவர் வெளியிட்ட நூலை அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1808இல் நெப்போலியனின் மருத்துவர் கொர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே முறை பரவியது. 1816இல் பாரிசில் லென்னக் ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. கூச்சம் பெற்றெடுத்த கருவி!

இவையெல்லாம் டாக்டர்களின் சொத்து. செவிலியருக்கு மிஞ்சியது கண் மட்டுமே. 1859 இறுதியில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய புகழ்பெற்ற நர்சிங் குறிப்புகளில் நோயாளியைக் கவனிப்பது பற்றித் தனி அத்தியாயமே உண்டு. வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. டாக்டர் வந்து போவது சில நிமிடம். இரவெல்லாம் கட்டில் அருகே இருப்பவர் வேறொருவர் அல்லவா?

பிறகு கருவிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. காய்ச்சலை அளந்து பதிவு செய்வதை 1868இல் ஜெர்மனியின் வுண்டர்லிக் ஓர் அறிவியலாகவே நிறுவினார். அக்காலத்து தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஓரடி நீளம். அளவு காட்ட 20 நிமிடம் பிடிக்கும். எந்த டாக்டர் அவ்வளவு நேரம் நிற்பார்? இங்கிலாந்தின் ஆல்பட் அதை ஆறு அங்குலமாகச் சுருக்கினார். நாளடைவில் அது செவிலியரின் அன்றாட வேலையானது. 1896இல் ரீவா ரோச்சி செய்த பி.பி. கருவியும், 1905இல் ரஷ்யாவின் கொரட்கோவ் சொன்ன ஒலி கேட்டு அளக்கும் முறையும் இதே வழியில் வந்து சேர்ந்தன. ஒரு வேலை புதுமை இழந்து அலுப்பானதும் அது கீழே இறங்கும் என்பதே இதில் தெரியும் உண்மை.

ஆனால் அளந்ததற்கு அர்த்தம் சொல்லக் கூடாது! ரத்தம் வழிவது கண்ணுக்குத் தெரிந்தாலும் 'வழிவது போலத் தோன்றுகிறது' என்றே எழுதப் பழக்கினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் லியனார்டு ஸ்டைன் 1967இல் இதை 'டாக்டர் நர்ஸ் விளையாட்டு' என்றார். செவிலியர் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் சொன்னதாகத் தெரியக் கூடாது. நடுராத்திரியில் மூச்சுத் திணறும் நோயாளிக்கு இது விளையாட்டாக இருந்திருக்க முடியாது.

மாற்றம் 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து, குழந்தைகளை முழுமையாகப் பரிசோதிக்கச் செவிலியருக்குப் பயிற்சி தந்தார்கள். எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து மட்டுமல்ல, நர்சிங் ஆசிரியர்களிடமிருந்தும் வந்தது. செவிலியரைக் குட்டி டாக்டராக்குவதா என்ற கோபம் அவர்களுக்கு. இருந்தும் 1971இல் ஐடஹோ மாநிலம் இத்தகைய செவிலியர் நோயறிந்து சிகிச்சை தருவதைச் சட்டத்தில் ஏற்றது. 1970களில் அமெரிக்காவின் சாதாரண நர்சிங் படிப்பிலும் உடற்பரிசோதனை பாடமாக நுழைந்தது.

இப்பாடத்தில் பாதி, நோயாளியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கை கழுவுதல் (1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் போராடிச் சொன்னது இதைத்தான்), திரையை இழுத்துவிடுதல், நல்ல வெளிச்சம், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி அனுமதி கேட்டல், ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குதல். பிறகே மேலிருந்து கீழாகப் பரிசோதனை. வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும். முதலில் அழுத்தினால் குடலின் ஒலி மாறிவிடும் என்பதால் பார்த்ததும் கேட்டுவிட வேண்டும், பிறகே தட்டுதலும் தொடுதலும். வலிக்கும் இடத்தைக் கடைசியில்தான் தொடுவார்கள்.