இதயச் செயலிழப்பு: முதல் 90 நாட்கள் ஏன் முக்கியம்? வெளியூரில் இருக்கும் நீங்கள் என்ன செய்யலாம்?

"அப்பாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. ராத்திரி உட்கார்ந்துக்கிட்டேதான் தூங்கறார்."

சித்தூரில் இருந்து அம்மா போனில் இப்படிச் சொன்னால், பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? வயசாகுது, கேஸ் டிரபிள், ஆஸ்துமா. இவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் கூடவே காலும் வீங்கியிருந்தால், அது இதயச் செயலிழப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. 'கன்ஜெஸ்டிவ் ஹார்ட் ஃபெயிலியர்' என்று ஃபைலில் எழுதுவார்கள்.

பெயரைக் கேட்டதும் பயப்படுகிறோம். அந்தப் பயம் முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் செய்ய வேண்டிய வேலைகளில் பாதி, மருத்துவமனைக்கு வெளியே உங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும்.

இதயம் நின்றுவிட்டதா?

இல்லை. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை, அல்லது சரியாகத் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடியவில்லை. ரத்தம் பின்னால் தேங்குகிறது. சிறுநீரகமும் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சுத்திணறல், காலில் சேர்ந்தால் வீக்கம். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும்.

மாரடைப்பு வேறு. அது இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. ஆனால் மாரடைப்பில் சேதமான தசைதான் பின்னாளில் பலருக்கும் இதயச் செயலிழப்பாக முடிகிறது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வால்வு கோளாறு, அதிகக் குடி ஆகியவையும் காரணமாகலாம்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'இஎஃப் 30' என்று பார்த்துவிட்டு, "இதயம் 30 சதவீதம்தான் வேலை செய்யுதாம்" என்று பல வீடுகளில் அழுகிறார்கள். அர்த்தம் அதுவல்ல. இஎஃப் என்பது இதயத்தின் கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. ஆரோக்கியமான இதயமே 100 சதவீதத்தைத் தள்ளாது. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. 40 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. சரியான மருந்தில் இந்த எண் பலருக்கு ஏறவும் செய்யும்.

இந்தியத் தரவு என்ன சொல்கிறது?

நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் 10,851 நோயாளிகளைப் பின்தொடர்ந்த தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டின் முடிவுகள் 2022ல் வெளியாயின. அதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

• நோயாளிகளின் சராசரி வயது சுமார் 60. அதாவது பலர் இன்னும் வேலைக்குப் போகும், குடும்பத்தைத் தாங்கும் வயதில் இருப்பவர்கள்.

• சுமார் 72 சதவீதம் பேருக்குக் காரணம், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய்.

• 90 நாட்களுக்குள் 100ல் 14 பேர் இறந்துவிட்டார்கள்.

• இஎஃப் குறைந்தவர்களில், வழிகாட்டு நெறிகள் சொல்லும் மருந்துகளைப் பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு: 47.5 சதவீதம்.

அந்த மருந்துகள் கிடைத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. படிப்பு குறைந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது.

இந்தக் கடைசி வரி உங்களுக்கானது. சித்தூர், திருப்பதி பக்கம் தமிழ்க் குடும்பங்களில் என்ன நடக்கிறது? டாக்டர் தெலுங்கில் சொல்வார், டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும், வீட்டில் பேசுவது தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு மாத்திரை விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. அந்த ஃபைலைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள், வீட்டில் பெரும்பாலும் நீங்கள்தான்.

ஃபைலில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்மரியை வாட்ஸ்அப்பில் வாங்கிப் படியுங்கள். இஎஃப் குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடிப்படை. ஒன்று, ரத்தக்குழாயைத் தளர்த்துபவை: சாக்குபிட்ரில்-வல்சார்டான், அல்லது எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை. இரண்டு, பீட்டா பிளாக்கர்: மெட்டோபிரோலால், கார்விடிலால், பைசோபிரோலால். மூன்று, ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்லெரினோன். நான்கு, டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். நான்காவது வகை சர்க்கரை மாத்திரையாக வந்தது. சர்க்கரை இல்லாதவருக்கும் இதயத்துக்காகத் தருகிறார்கள். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020லும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025லும் இந்தியாவில் முடிந்தன. அதனால் விலை குறைந்த ஜெனரிக் கிடைக்கிறது.

இதில் ஒரு வகை இல்லையென்றால் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகம், பொட்டாசியம் காரணமாக டாக்டர் தவிர்த்திருக்கலாம். "இது அப்பாவுக்கு ஏன் இல்லை, பிறகு தருவீங்களா?" என்று கேளுங்கள்.

அடுத்து, மறுபரிசோதனைத் தேதி. 'ஒரு மாசம் கழிச்சு வாங்க' என்றிருந்தால், ஒரு வாரத்தில் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். 2022ல் வெளியான ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வில், வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் மருந்தின் அளவை வேகமாக உயர்த்தி, அடிக்கடி பரிசோதித்தவர்களில் 15.2 சதவீதம் பேர் 180 நாட்களுக்குள் இறந்தார்கள் அல்லது மீண்டும் அட்மிட் ஆனார்கள். வழக்கமான கவனிப்பில் இது 23.3 சதவீதம்.

வீட்டில் தினமும் என்ன செய்ய வேண்டும்?

ஒரு எடை மெஷின் வாங்கி அனுப்புங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து, காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை, தண்ணீர். வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை காட்டிக்கொடுக்கலாம். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சமையலில் குறைத்துவிட்டு ஆவக்காய் ஊறுகாய், அப்பளம், கருவாடு தொடர்ந்தால் பயனில்லை. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். மேலே சொன்ன சில மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து. தண்ணீரின் அளவை டாக்டர் சொன்னால் மட்டும் குறையுங்கள்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் நீரைத் தேக்கிவிடும். சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோனும் அப்படித்தான். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

"வேலூருக்கு பஸ்ல போகணும், நடுவுல பாத்ரூம் வரும்" என்று நீர் மாத்திரையை விடுகிறவர்கள் உண்டு. விட வேண்டாம். பயண நாளில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டால் போதும்.

திருமலைக்கு நடந்து போகலாமா?

அலிபிரி பாதையில் சுமார் 3,550 படிகள். இதய நோயாளிகள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானமே அறிவுறுத்துகிறது. வேண்டுதல் இருந்தாலும் பஸ்ஸில் போகலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனி தரிசனம் இருக்கிறது. அதற்காக அப்பா படுத்தே இருக்க வேண்டும் என்றில்லை. நோய் கட்டுக்குள் வந்த பிறகு, டாக்டர் சொல்லும் அளவு சமதளத்தில் நடப்பது நல்லது.

எங்கே போவது?

திருப்பதியில் ஸ்விம்ஸ், எல்லை தாண்டினால் வேலூர் சிஎம்சி. மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்கு இதய மாற்று சிகிச்சை தேவைப்படும். திருப்பதி பத்மாவதி குழந்தைகள் இருதய மருத்துவமனையில் 2023 ஜனவரியில் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. முன்பு ஆரோக்யஸ்ரீ என்றிருந்த ஆந்திர அரசின் என்டிஆர் வைத்ய சேவா அட்டை இருந்தால், நீங்கள் போகும் மருத்துவமனையில் அது செல்லுமா என்று அட்மிட் ஆகும் முன்பே கேளுங்கள். மாநில எல்லை தாண்டும்போது இது மிக முக்கியம்.

108ஐ எப்போது அழைக்க வேண்டும்?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், இளஞ்சிவப்பு நுரையோடு சளி வந்தால், நெஞ்சு வலித்தால், மயங்கினால், குழப்பமாகப் பேசினால், எடையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108.

மற்ற நாட்களில் அம்மாவுக்குப் போன் செய்யும்போது "சாப்டீங்களா?" என்று கேட்ட கையோடு, "இன்னைக்கு அப்பா வெயிட் என்ன?" என்றும் கேளுங்கள்.