காரில் கூலன்ட் குறைகிறதா? மறைவான கசிவைக் கண்டறிவது எப்படி?

காஞ்சிபுரத்திலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிறோம். வழியில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டால் என்ன செய்வோம்?

கூலன்ட் மூடிய சுற்றில் ஓடுவது. ஊற்ற ஊற்றக் குறைந்தால் எங்கோ கசிகிறது. தரையில் சொட்டு இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. எஞ்சின் சூடேறி அழுத்தம் கூடும்போதுதான் சிறு விரிசல் கசியும், கசிந்ததும் ஆவியாகிவிடும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. காலையில், எஞ்சின் குளிர்ந்த நிலையில், கூலன்ட் டப்பாவில் மட்டத்தைக் குறித்து ஒரு வாரம் பாருங்கள்.

2. ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டர் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடிப்பகுதியில் உலர்ந்த கறை உள்ளதா?

3. முன்இருக்கைக் காலடி ஈரமாக, இனிப்பு வாடையுடன் இருந்தால் ஹீட்டர் கோர் கசியலாம். ஏசி தண்ணீருக்கு அந்த வாடையும் பிசுபிசுப்பும் இராது.

4. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையா? ஆயில் பால் கலந்ததுபோல் உள்ளதா? ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள்.

மெக்கானிக்கிடம் அழுத்தச் சோதனை கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பால் மூடியில் குறித்துள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். வெளியே எதுவும் தென்படாவிட்டால், நீலத் திரவச் சோதனை உள்ளது. புகைவாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும், கசிவு எஞ்சினுக்குள்தான்.

சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் நஞ்சு; குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

வண்டியை விற்பதானால், இந்தக் குறையை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.