தொறந்து பாரு, மூடி எடு: காமிராத் துளையின் வரலாறு குறித்து

காமிராவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் லென்சைப் பற்றி எழுதுகிறார்கள், ஃபிலிமைப் பற்றி எழுதுகிறார்கள். லென்சுக்குள் இருக்கும் துளையை, அதாவது அப்பர்ச்சரை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகாக மட்டும் கண்டு தாண்டிப் போய்விடுகிறார்கள். துளைக்கு இன்னொரு வரலாறு உண்டு என்பது என் வாதம். எந்தத் திறப்பின் வழியே பார்க்கிறோம், எந்தத் திறப்பின் வழியே படம் பதிவாகிறது, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி யார் கையில் இருக்கிறது என்பதுதான் அது.

சாயர்புரத்திலிருந்து இதை எழுத ஒரு தோது இருக்கிறது. ஜி.யு. போப் இந்த ஊருக்கு வந்தது 1842இல். டாகரின் முறை பாரிசில் அறிவிக்கப்பட்டது 1839இல். மனித முகத்தை எடுப்பதற்கென்று அகலத் திறப்புள்ள லென்சை பெட்ஸ்வால் கணக்கிட்டது 1840இல். எங்க ஊர்ப் பள்ளிக்கூடமும் காமிராவும் ஒரே காலத்துப் பிள்ளைகள். 1858இல் லின்னேயஸ் டிரைப் மதராஸ் அரசாங்கத்துக்காக மதுரையைப் படமெடுத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் வாட்டர்ஹவுஸ், லென்சின் பக்கவாட்டுப் பிளவில் செருகும் துளைபோட்ட தகடுகளை அறிமுகப்படுத்தினார்.

அந்தக் காலத்துக் காமிராக்காரர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் வைத்தார்கள். அகலத் திறந்தால் பிம்பம் பிரகாசமாகத் தெரியும். கூர்மையான தளம் மெல்லியதாக இருப்பதால் அது எங்கே நிற்கிறது என்பதும் பிடிபடும். பிறகு துளையைச் சுருக்கி எடுத்தால் முன்னும் பின்னும் தெளிவு கிடைக்கும். நம்ம பேச்சில் சொன்னால்: தொறந்து பாரு, மூடி எடு.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. லென்சின் விளிம்பு வழியாக வரும் கதிரும் நடு வழியாக வரும் கதிரும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. பாடப்புத்தகம் இதைக் கோளப் பிறழ்ச்சி என்கிறது. துளையைச் சுருக்கும்போது விளிம்புக் கதிர்கள் கழிந்து, கூர்மையின் தளம் நகர்ந்துவிடுகிறது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதில் போய் நிற்கும். ரொம்பச் சுருக்கினால் ஆழத் தெளிவு இந்தப் பிசகை மூடிவிடும். எஃப் 2இல் பார்த்து எஃப் 4இல் எடுக்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம். பார்த்தது வேறு, பதிவானது வேறு.

எஸ்.எல்.ஆர். காமிரா இந்த இடைவெளியை ஒழிக்கவில்லை, மறைத்தது. 1959இல் வந்த நிக்கான் எஃப் போன்றவற்றில் துளை எப்போதும் திறந்தே இருக்கும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே போகும், துளை தானாகச் சுருங்கும், ஷட்டர் திறக்கும், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். படம் பதிவாகிற அந்தக் கணத்தில் மட்டும் வ்யூஃபைண்டர் இருட்டு! எடுக்கிறவர் பார்க்காத ஒரே கணம், எடுக்கும் கணம்தான். 1985இல் மினோல்டா 7000 ஆட்டோஃபோகசைக் காமிராவின் உடம்புக்குள் கொண்டுவந்தபோதும் இதே ஏற்பாடுதான். ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் விழும் ஃபிலிம் தனி. சுருக்கிய நிலையில் எப்படியிருக்கும் என்று பார்க்க மவுண்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன் வைத்தார்கள். பலர் அதைத் தொட்டதே கிடையாது.

2008இல் பானாசோனிக் ஜி1 அந்தக் கண்ணாடியை எடுத்தெறிந்தது. இனி படம் பதிவாகும் சென்சாரே பார்க்கிறது, அதுவே ஃபோகசும் வைக்கிறது. ஆக, எடுக்கப்போகிற துளையிலேயே ஃபோகஸ் வைக்க முடியும்; தளம் நகரும் பிரச்சினை அங்கே தீர்ந்தது. நூற்றைம்பது ஆண்டு இடைவெளி அடைபட்டுவிட்டது என்று கொண்டாடத் தோன்றும்.

அவ்வளவு லேசாக அடைபடவில்லை. கட்ட வேறுபாட்டை வைத்து ஃபோகஸ் காணும் முறை, லென்சின் இடப்பாதி வழியே வரும் பிம்பத்தையும் வலப்பாதி வழியே வரும் பிம்பத்தையும் ஒப்பிடுகிறது. நம் இரண்டு கண்கள் மாதிரி. துளை சுருங்கச் சுருங்க இந்த இரண்டு கண்களும் நெருங்கிவருகின்றன, வித்தியாசம் மங்குகிறது, வெளிச்சமும் குறைகிறது. அதனால் 2018இல் வந்த நிக்கானின் இசட் வரிசைக் காமிராக்கள் எஃப் 5.6 வரை நாம் வைத்த துளையிலேயே ஃபோகஸ் வைக்கின்றன. அதைவிடச் சுருக்கினால் 5.6இல் பார்த்துவிட்டு எடுக்கும்போது மூடிக்கொள்கின்றன. சோனி தன் சில மாடல்களில், ஃபோகசின்போது துளை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மெனுவின் உள்ளே ஒரு தேர்வாக வைத்திருக்கிறது.

இதை நம் பக்கத்தில் பொருத்திப் பார்க்கலாம். தூத்துக்குடி உப்பளத்தில் உச்சி வெயில். உப்புக் குவியல் கண்ணைக் கூசவைக்கிறது. எஃப் 16 வைக்கிறோம். காமிரா நம்மிடம் கேட்காமலே திறந்து பார்த்து மூடி எடுக்கிறது. சாயங்காலம் கோயிலில் கல்யாணம், எஃப் 1.8. பார்க்கும் துளையும் எடுக்கும் துளையும் ஒன்றே. ஆக, பழைய விதி அழியவில்லை, நிரலுக்குள் குடிபோயிருக்கிறது.

காமிராக்காரர் கருவியின் நிரலுக்குள் விளையாடுகிறவர் என்று 1983இல் வில்லெம் ஃப்ளூஸர் வாதிட்டார். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் பாதிதான். தகடு செருகிய கையும் வளையம் திருப்பிய கையும் இந்த இடைவெளியை அறிந்திருந்தன. சிற்றூர் ஸ்டூடியோக்களில் அது ‘தொழில்’ எனப்பட்டது, ‘அறிவு’ எனப்படவில்லை. எழுதப்படாததாலேயே, அது கம்பெனியின் நிரலுக்குள் போனபோது எதை இழந்தோம் என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று. கடன் வாங்கிக் காமிரா வாங்கும் கல்யாணப் படக்காரருக்கு, தன் லென்ஸ் எந்தத் துளையில் பார்க்கிறது என்று கடைக்காரர் சொல்வதில்லை.

ஆனாலும் அந்த அறிவு மீட்க முடியாதது அல்ல. எஃப் 11 வைத்து, லென்சின் முன்பக்கம் வழியே உள்ளே பார்த்தபடி பட்டனைப் பாதி அழுத்துங்கள். இலைகள் விரிகின்றனவா, சுருங்குகின்றனவா, அசையாமல் நிற்கின்றனவா என்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். கம்பெனி எடுத்த முடிவு அந்த அசைவில் இருக்கிறது. தெரிந்துகொண்ட பிறகு அந்த முடிவோடு உடன்படலாம், முரண்படலாம்; தெரியாமலே அதற்குள் வேலை செய்வதுதான் பிரச்சினை.